யோகமலர் எடுத்த பிஸ்டல்

யோகமலர் அந்தக் கழகத்துக்குப் போனது பிரெஞ்சு பேசிப் பழகுவதற்காக.

மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பகுதியில், மருந்துக் குளிசைகளைப் போத்தலில் அடைக்கும் பக்டரி ஒன்றில் அவளுக்கு வேலை. பக்கத்தில் நின்று வேலை செய்தவள் றோசலின். தலைமயிருக்குச் செம்பு நிறம் பூசிய கியூபெக்காரி. ஒரு வெள்ளிக்கிழமை றோசலின், தான் சனிக்கிழமைகளில் லொங்குய்யில் ஒரு 'கிளப் து தீர்' போவதாகவும் விருப்பமென்றால் கூட வரலாம் என்றும் சொன்னாள். அந்தக் கிழமைதான் மாலை வகுப்பில் யோகமலருக்கு, சொல்லுதல் என்ற பொருளில் ஒரு வினைச்சொல்லைப் படிப்பித்திருந்தார்கள். சுடுதலுக்கு வேறொரு சொல். பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டும் வெவ்வேறாகக் கேட்கும். தமிழில் எழுதினால் இரண்டும் 'தீர்' தான்.

ஆகவே அவள் மூன்று வசனங்களைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். என் பெயர் யோகமலர். நான் மட்டக்களப்பிலிருந்து வந்தேன். எனக்குச் சமையல் பிடிக்கும். முதல் நாளில் வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு டப்பா முறுக்கும் எடுத்துக்கொண்டாள்.

கழகம் நிலத்துக்குக் கீழே இருந்தது. படியிறங்கியதும் ஒருவர் அவளை வரவேற்று இரண்டு காதையும் இறுக்கி மூடிவிட்டார். அங்கே நின்ற எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையாக நின்று காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

யோகமலருக்கு முதலில் வந்த எண்ணம் நிலத்தில் படுத்துவிட வேண்டும் என்பதே. பழக்கதோஷம். ஆனால் நிலம் அழுக்காக இருந்தது. அவள் கட்டியிருந்தது நல்ல சேலை. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. எல்லோரும் துவக்குகளை மேசையில் வைத்துவிட்டு, ஓரடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு கிழவர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து அந்த முனைவரை நடந்துபோய்த் தன் காகிதத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தார். வழியில் நின்று மூக்கும் சீறினார். அவர் வந்து சேரும்வரை ஒருவரும் ஒரு துவக்கையும் தொடவில்லை.

துவக்கு வைத்திருப்பவர்கள் ஒரு கிழவன் நடந்து போவதற்காக அதைக் கீழே வைத்ததை யோகமலர் அதற்குமுன் பார்த்ததில்லை. அதை இன்னொருமுறை பார்க்கலாமென்று அடுத்த சனிக்கிழமையும் போனாள்.

குளிர்காலம் முழுக்கப் போனாள். அந்தக் கிழவரின் பெயரை அங்கே எல்லோரும் 'ஆன்றி' என்றார்கள். யோகமலர் ஹென்றி என்றாள். மட்டக்களப்பில் அவளுடைய தெருவில் ஹென்றிகள் இருந்தார்கள். ஆன்றி ஒருவரும் இருந்ததில்லை. கிழவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார். முன்பு விமானப் பாகங்கள் செய்யும் இடத்தில் உலோகம் கடைந்தவர். ஓய்வெடுத்தபின் கடைத் துவக்குகளை வாங்கி, விசையை அராவி, குறிபார்க்கும் முள்ளை மாற்றி, கைப்பிடியை வால்நட் மரத்தில் புதிதாகச் செதுக்கி, சுடுகிறவரின் கைக்கு ஏற்றாற்போல் ஆக்கிக் கொடுப்பார். அவளுக்குச் சுடப் பழக்கியதும் அவர்தான். மூச்சை விடு, பொறு, இன்னும் பொறு, என்பதுதான் அவர் அதிகம் சொன்னது.

வீட்டில் அவளுடைய கணவர் அரியரத்தினம், "வகுப்பு எப்பிடிப் போகுது?" என்று கேட்பார்.

"நல்லாத்தான் போகுது" என்பாள். அது பொய்யில்லை. முதல் நாள் போகும்போது அவள் வகுப்பென்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு திருத்துவதற்கு வசதியான ஒரு நேரம் வாய்க்கவில்லை.

வசந்தம் வந்தபோது ஹென்றி, இனிக் கழகத்துத் துவக்கு போதாது, போட்டிகளில் சுடுவதென்றால் சொந்தமாக ஒன்று வேண்டும், அதற்குப் பொலிஸ் அனுமதி எடு, என்றார். யோகமலர் விண்ணப்பித்தாள். அனுமதி கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு மாலை அரியரத்தினம் கதவைத் திறந்தபோது சீருடையில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். அரியரத்தினம் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே போய், கடவுச்சீட்டுகள், குடிவரவுக் கடிதங்கள், விவாகப் பதிவு, மின்சார பில் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். பொலிஸ்காரர் அவற்றைப் பார்க்காமல், "உங்கள் மனைவிக்குக் கைத்துப்பாக்கி வாங்க அனுமதி கொடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

அரியரத்தினத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. மொழிபெயர்க்க வீட்டில் யோகமலர் மட்டுமே இருந்தாள்.

"நான் ஒரு துவக்கு வாங்கப் போறன். உங்களுக்குச் சம்மதமா எண்டு கேக்காரு."

அரியரத்தினம் மனைவியையும் பொலிஸ்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன துவக்கு?"

"பிஸ்டல். கடுதாசிக்குச் சுடுற. மறுகா விளங்கப்படுத்துறன். இப்ப ஓம் எண்டு தலையாட்டுங்க."

பொலிஸைக் கண்டால் தலையாட்டுவது அவருக்குப் பழக்கம். ஆட்டினார்.

"எனக்குக் கோபம் வருமா எண்டு கேக்காரு."

"என்னத்தச் சொல்ற?"

"உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதச் சொன்னா உனக்குத் துவக்குக் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப வராது எண்டு சொல்லு."

என் கணவர் யோசித்துப் பார்த்து, வராது என்கிறார், என்று யோகமலர் பிரெஞ்சில் சொன்னாள். பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"வீட்டுல சண்டை சச்சரவு உண்டா எண்டு கேக்காரு."

"இண்டைக்கு உண்டு."

வழக்கமாக இல்லை என்கிறார், என்றாள்.

"உங்களுக்கு என்னக் கண்டா பயமா எண்டு கேக்காரு."

இதற்கு அரியரத்தினம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் இருக்கல்ல" என்றார். யோகமலர் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். பொலிஸ்காரர் சிரித்தார், அரியரத்தினத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் அரியரத்தினம் தொடங்கினார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாம. நீ இஞ்ச வந்து அதக் கேட்டு வாங்குறியா?"

"நான் பயந்தது துவக்குக்கில்ல. அத வச்சிருந்தவனுக்கு."

"இப்ப நீதானே வச்சிருக்கப் போற."

"அதான் பயமில்ல" என்றாள் யோகமலர். அவர் சாப்பிடாமல் படுத்தார். காலையில் எழுந்து, இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

செய்தி எப்படி வெளியே போனதென்று தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழர் சங்கத்துச் செயலாளர் அருளம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுப் பரிசோதகராக இருந்தவர். எதையும் நேரே கேட்காதவர். பனியைப் பற்றிக் கதைத்தார். வாடகையைப் பற்றிக் கதைத்தார். தேத்தண்ணி குடித்து முடித்தபின் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கப்படாது. இது எந்தப் பக்கம்?"

"லொங்குய் பக்கம், அண்ணை. மெட்றோவில மஞ்சள் லைனில கடைசி ஸ்ரேசன்."

அருளம்பலம் நெடுநேரம் தலையாட்டினார். அந்தப் பதிலுக்குள் வேறொரு பதில் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. "விளங்குது" என்றார். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அதன்பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்றோடொன்று பேசாத இரண்டு இயக்கங்களின் ஆதரவாளர்கள் தனித்தனியே வந்து ஆளுக்கொரு கலண்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழ்க் கடையில் மீனுக்கு நின்ற பொடியன்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் அரியரத்தினத்தை முன்வரிசையில் இருத்தினார்கள். அவர் அந்த ஊரில் முன்வரிசையில் இருந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "எப்ப எடுக்கப் போற?" என்று கேட்டார்.

அதுதான் யோகமலருக்கும் தெரியாமலிருந்தது. ஹென்றியிடம் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. இரண்டும் ஒரே சிறிய ரவைத் தோட்டா போடுகிறவை. இரண்டும் கடையில் வாங்கி அவர் கைவைத்தவை. இரண்டிலும் சில சனிக்கிழமைகள் சுட்டுப் பார், அவசரமில்லை, என்றுவிட்டார்.

ஒன்று அமெரிக்காவில் செய்தது. குழல் தடித்தது, நீண்டது. பாரமெல்லாம் முன்பக்கம் இருந்ததால் கையை நீட்டியதும் குறிமுள் அசையாமல் நிற்கும். விசையை ஹென்றி மிக மெல்லியதாக அராவியிருந்தார். விரல் பட்டதும் வெடிக்கும். அவளுடைய மிக நல்ல காகிதங்கள் எல்லாம் அதில் சுட்டவை. நடுப்புள்ளியில் ஓட்டைக்கு மேல் ஓட்டை.

மற்றது இத்தாலியில் செய்தது. பாரம் கைக்கு மேலேயே இருக்கும். முனை கொஞ்சம் ஆடும். விசைக்கு இரண்டு கட்டம். முதலில் விரலோடு கொஞ்சத் தூரம் வரும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் அழுத்தினால்தான் வெடிக்கும். அதில் அவளுடைய ஓட்டைகள் நடுவைச் சுற்றிப் பரவலாக விழுந்தன.

றோசலின் அமெரிக்கப் பிஸ்டலை எடு என்றாள். காகிதத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றாள். அரியரத்தினமும் அதைத்தான் சொன்னார். இரண்டையும் அவர் கண்ணால் கண்டதில்லை. எது பாரமென்று மட்டும் கேட்டார்.

யோகமலர் காகிதங்களை நேர ஒழுங்கில் அடுக்கிப் பார்த்தாள். அமெரிக்கப் பிஸ்டலில் தொடக்கத்தில் சுட்டவை மிக நன்றாக இருந்தன. கடைசியில் சுட்டவை கீழே இறங்கி இடப்பக்கம் ஓடியிருந்தன. கை களைத்துவிடுகிறது. இத்தாலியப் பிஸ்டலில் முதலும் கடைசியும் ஒரே மாதிரி. அதோடு இன்னொன்றும் இருந்தது. அதைக் காகிதத்தில் பார்க்க முடியாது. அமெரிக்கப் பிஸ்டல் சில வேளை, அவள் சுடுவோமென்று முடிவெடுப்பதற்கு முன்பே வெடித்தது. வெடித்த குண்டு நடுவில் போய் விழுந்தபோதும் அந்த ஓட்டையை அவள் தன்னுடையதாக எண்ணவில்லை.

அவளுக்குத் தம்பிமுத்து என்று ஒரு தம்பி இருந்தான். எண்பத்தைந்தாம் ஆண்டு, மட்டக்களப்பில் பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில், சைக்கிளை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவனின் நெஞ்சில் வெடி பட்டது. பிரேதத்தை வாங்கப் போனவர்களிடம் பொறுப்பாக நின்ற அதிகாரி மரியாதையாகத்தான் பேசினான். துவக்கு தன்பாட்டில் வெடித்துவிட்டது, ஒருவருடைய பிழையுமில்லை என்றான். இருக்க நாற்காலியும் கொடுத்தான். அப்போது யோகமலருக்குத் துவக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்படியும் நடக்குமாக்கும் என்று நினைத்தாள். நினைக்காமலும் இருந்தாள்.

காகிதங்களை அடுக்கிப் பார்த்த கிழமை, சனிக்கிழமை எல்லோரும் போனபின், அவள் ஹென்றியிடம் கேட்டாள். வசனத்தை மெட்றோவில் வரும்போதே சரிபார்த்து வைத்திருந்தாள்.

"துவக்கு தன்பாட்டில் வெடிக்குமா?"

ஹென்றி அதை ஒரு தொழில்நுட்பக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பிஸ்டலை எடுத்து, ரவை இல்லையென்று அவளுக்கும் காட்டி, சுடும் நிலைக்குக் கொண்டுவந்து, இறப்பர்ச் சுத்தியலால் பக்கத்தில் அடித்தார். மேலே அடித்தார். தடித்த விரிப்பின் மேல் விழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விசையில் விரலை வைத்தார். 'டிக்' என்றது.

"இதைவிட மெல்லிய விசை நான் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை" என்றார். "இதற்கே விரல் வேண்டும்."

"எப்போதும்?"

"ஒழுங்காகச் செய்த துவக்கென்றால் எப்போதும்."

"ஒழுங்கில்லாத துவக்கு?"

ஹென்றி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படி ஒன்றை ஏன் ஒரு மனிதனுக்கு நேரே பிடிக்க வேண்டும்?"

யோகமலர் கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சூடாகி ஆவி வரும்வரை அப்படியே நின்றாள். திரும்பி வந்தபோது ஹென்றி இரண்டு பிஸ்டல்களையும் துணியில் சுற்றி மேசையில் வைத்திருந்தார்.

"இது" என்று இத்தாலியப் பிஸ்டலைத் தொட்டாள். "ஒவ்வொரு கிழமையும் சுடுவதற்கு இதுதான் எனக்குச் சரி. இது என்னைக் கேட்டுத்தான் வெடிக்கிறது."

ஹென்றி ஆமென்றார். களைத்த கை கெட்ட பழக்கங்களைப் படித்துக்கொள்ளும், அதை மறக்கடிப்பது பெரிய வேலை என்றார். அவர் சொன்ன காரணமும் சரியானதே. பிறகு ஒரு கட்டி மாப்பசையை எடுத்து, கைப்பிடியைச் சுற்றி அப்பி, அவளை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். ஆண்களின் கைக்குச் செய்த பிடி அது. அவளுடைய விரல்கள் பதிந்த இடத்தைப் பார்த்து, நிறைய மரம் சீவ வேண்டியிருக்கிறதே என்று கவலைப்பட்டார்.

ஜூன் மாதம் கழகத்துப் போட்டி. அரியரத்தினம் வரமாட்டேன் என்று சொல்லி, கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். காதுமூடியைக் கொடுத்த நேரத்திலிருந்து கழற்றவேயில்லை. றோசலின் கொண்டுவந்து கொடுத்த சான்ட்விச்சுக்கும் கையால்தான் நன்றி சொன்னார். யோகமலருக்கு ஆறாமிடம். றோசலின் நாலாவது. ஹென்றி கண் தெரியவில்லையென்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முடிவில் வந்திருந்த விருந்தினர்களுக்கும் கழகத்துத் துவக்கில் ஐந்து வெடி கொடுத்தார்கள். அரியரத்தினம் மறுத்தார், பிறகு கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். அவருடைய காகிதத்தில் ஓர் ஓட்டையும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணியின் காகிதத்தில் எட்டு விழுந்திருந்தது. அவரும் ஐந்துதான் சுட்டவர். நடுவர் இரண்டுதரம் எண்ணிப் பார்த்தார்.

திரும்பும்போது மெட்றோவில் கூட்டமில்லை. அரியரத்தினம் கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அடியில் ரயில் போகும்போது கேட்டார்:

"சுடக்குள்ள நீ என்ன யோசிக்கிற?"

"ஒண்டும் யோசிக்கிறல்ல."

"ஒண்டுமே?"

"அதுக்குத்தானே போறன்."

அவர் இன்னொருதரம் விரலை மடக்கிப் பார்த்தார். கோட்டு அவளுடைய மடியில்தான் இருந்தது. இறங்கும்போது அதை வாங்காமல், அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை யோகமலர் வெளிக்கிடும்போது, வாறீங்களா என்று கேட்டாள். தனக்குப் புல்லு வெட்டுகிற வேலை இருக்கிறதென்றார் அரியரத்தினம். அவர்கள் மொன்ட்ரியால்-நோரில் இருந்தது மூன்றாம் மாடி. யோகமலர் சரியென்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.