கண்ணில் இறங்காத பூச்சு

கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களுக்கு மட்டை எடுத்துக் கொடுத்து, பந்து போன திசை சொல்லும் பெண்களுக்கு உடம்பில் முதலில் வேகிற இடம் முகம்தான். அதனால் விடிந்ததும் உடை மாற்றும் அறையில் சன்ஸ்கிரீன் வாசனை தூக்கலாக இருக்கும். புதிதாக வந்தவளுக்கு மூத்தவள் தன் கையாலேயே தடவிவிடுவது அங்கே வழக்கம். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

அங்கே மூத்தவளான மால்-சூன் தன் டப்பாவோடு வந்தாள். உள்ளே வெண்ணெய்போல் கெட்டியான க்ரீம்.

"முகத்தக் காட்டுடி ஹே-ரான்."

"இன்னிக்கு வேண்டாம் அக்கா."

பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்தவளின் சீப்பு நின்றது.

"என்னது?"

"போன வாரம் நீங்க தடவிவிட்டது வேர்வையோட சேர்ந்து கண்ணுல இறங்கிடுச்சு. எரிச்சல்ல பந்து எங்க விழுந்துச்சுன்னே தெரியல. இன்னிக்குக் கடைசிச் சோதனை. நம்மள வேலைக்கு எடுக்கிற மாஸ்டரே ஆட வர்றார்."

"இத்தன வருஷமா இதத்தான் பூசுறேன். எனக்கு எரியலயே?"

"உங்க தோல் வறண்ட தோல், குடிச்சிடுது. எண்ணெய் வழியுற என் மூஞ்சில காலைல எந்திரிச்சா முட்டையே பொரிக்கலாம்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மால்-சூன் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நாம கேட்டுக்கணும்," என்று டப்பாவை அழுத்தி மூடினாள்.

ஹே-ரானுக்குக் காது சுட்டது. ஆனால் இன்றைக்குத் தோற்றால் தேகு ஊரில் அண்ணனுடைய சூப் கடைக்கே திரும்ப வேண்டும். 'நாலு நாள்ல வந்துடுவான்னு நான் அப்பவே சொல்லல?' என்று அண்ணி கேட்பாள். அதைவிட மால்-சூனின் கோபம் தேவலை.

முகம் கழுவித் துடைத்தாள். தன்னிடமிருந்த, தண்ணீர்போல் லேசான சன்ஸ்கிரீன் ஜெல்லை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, பாதியைப் பூசி, காயவிட்டு, மீதியை மேலே பூசினாள். காது மடல், பின்கழுத்து எதையும் விடவில்லை. கண்ணைச் சுற்றி மட்டும் உதட்டுச்சாயம்போல் இருக்கும் கெட்டிக் குச்சியால் இழுத்தாள். அது உருகி ஓடாது.

"எனக்கு உன் ஜெல் பட்டாலே தடிச்சிடும்," என்றாள் பக்கத்திலிருந்த பியோல்-லிம். எதற்கெடுத்தாலும் சிவக்கிற தோல் அவளுக்கு. வெள்ளையாகப் படியும் துத்தநாகப் பூச்சுதான் ஒத்துக்கொள்ளும். "அதான் நான் மட்டும் அரிசி மாவுல புரண்ட மாதிரி திரியுறேன்."

முதல் பாதி ஆட்டம் ஒழுங்காகப் போனது. நடுவில் எல்லோரும் பார்லி டீ குடிக்க, வழியில் இளைப்பாறக் கட்டிய குடிலில் ஒதுங்கினார்கள். மாஸ்டர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"வண்டிய எடு. பின்னால அடுத்த குழு வந்தாச்சு."

ஹே-ரானின் நெற்றியில் பூச்சு கரைந்து பிசுபிசுத்தது. இப்போது விட்டால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போன வாரத்துக் கதைதான்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர். திரும்பப் பூசணும்."

"அழகு பாக்க இதா நேரம்?"

"அழகுக்கு இல்ல. எனக்குப் பந்து தெரியணும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மெல்லிய தாளால் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். ஜெல்லை அவசரத்தில் உள்ளங்கையில் பிதுக்கிவிட்டு, சட்டென்று நின்றாள். இந்தக் கையால் மட்டையைத் தொட்டால் பிடியெல்லாம் வழுக்கும். ஆட்டக்காரர் வீசும்போது பந்துக்கு முன்னால் மட்டை பறக்கும். அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, புதிதாகப் புறங்கையில் பிதுக்கி, புறங்கையாலேயே கன்னத்திலும் நெற்றியிலும் தடவினாள். சோப்பு போட்டு உள்ளங்கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாஸ்டர் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக்கு முந்திய குழியில் அவர் வேண்டுமென்றே சூரியனுக்கு நேராக அடித்தார். அவரோடு ஆடிய மற்ற மூவரும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

"எங்க போச்சு?"

"இடது பக்கம் மாஸ்டர். வளைஞ்ச பைன் மரத்துல பட்டு, பள்ளத்துக்கு முன்னால நின்னிருக்கு."

"பாத்தியா, இல்ல குத்துமதிப்பா?"

"பாத்தேன்."

பந்து அங்கேதான் கிடந்தது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் கையுறையைக் கழற்றினார். "மதியம் ஒருத்தி வரல. அவளோட ஆட்டக்காரங்க நாலு பேரை நீ கூட்டிட்டுப் போ. இப்பவே கிளம்பு."

வேலை கிடைத்துவிட்டது என்று புரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"கிளம்புறேன் மாஸ்டர். முகம் கழுவி, பூசி, அது காயணும். கால் மணி ஆகும்."

"அவங்க ஏற்கெனவே காத்துக்கிட்டு இருக்காங்க."

"உச்சி வெயில். இப்படியே போய்ப் பந்து தெரியாம நின்னா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

அவர் பதில் சொல்வதற்குள் உடை மாற்றும் அறை வாசலில் நின்றிருந்த மால்-சூன் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நான் போய் அவங்களோட பேச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். போடி, போய்ப் பூசு. காதுல தோல் உரியுது பாரு, அங்க இன்னும் கொஞ்சம் வை."

"சரிங்க அக்கா," என்று ஹே-ரான் குழாயைத் திறந்தாள்.