சுவரைப் பார்த்த நாற்காலி

தையல்கடை வாசலில் ஒரு மர அலமாரி இருந்தது. தெருவில் யார் வீட்டில் காய்கறி மிஞ்சினாலும் அதில் வைப்பார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தே பழகிய குடும்பம் என்ற பெருமை எதிர்வீட்டுப் பெரியவருக்கு உண்டு. மாடியில் காய்த்த சுரைக்காய்களை வைத்துவிட்டு, எடுப்பது யாரென்று பார்க்கக் கடை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்தும் ஒருவரும் தொடவில்லை. அவர் முகம் சிறுத்துவிட்டது.

"நம்ம வீட்டுக் காய்க்கு என்ன குறைச்சலாம்?"

"காய்க்கு ஒரு குறையும் இல்ல பெரியப்பா," என்றாள் தையல்காரப் பெண். "நீங்க போலீஸ் மாதிரி முறைச்சிக்கிட்டிருந்தா யாரு கை நீட்டுவா? நான் எதுக்கு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் தைக்கிறேன்?"

அப்போதுதான் கவனித்தார். நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கவேண்டியிருந்தும், அவள் தன் மெஷினைச் சுவரைப் பார்த்தே போட்டிருந்தாள். தம் நாற்காலியையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சற்று நேரத்தில் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்து தயங்கியது. தொடர்ந்து ஓர் இருமல். அடுத்த தெருவில் இருக்கும் தம்பியின் இருமல். பட்டினி கிடந்தாலும் அண்ணனிடம் வாய் திறக்காதவன்.

பெரியவர் திரும்பவில்லை. "மழை வரும்போல இருக்கேம்மா," என்றார் உரக்க, சுவரைப் பார்த்தபடி.

பையில் காய் விழும் சத்தம் கேட்டது.