கலியமூர்த்தி பேரில் கிடந்த பணம்

செத்துப்போன கலியமூர்த்தியின் பணம் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் கேட்பாரில்லாமல் கிடக்கிறது என்ற சேதி, உயிரோடிருந்த கலியமூர்த்திக்கு உப்பளத்து வரப்பில் வைத்துத்தான் வந்தது. கொண்டுவந்தவர் மரக்காணம் கடைத்தெருவில் எஸ்டிடி பூத்தும் டிக்கெட் ஏஜென்சியும் வைத்திருந்த லியாகத் அலி. 2006, தை மாதக் கடைசி. பாத்தியில் இறங்கிச் சேறு மிதித்துக்கொண்டிருந்தவனை அவர் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு, அவனாகப் பார்க்கிற வரைக்கும் நின்றார். நல்ல சேதியோடு வந்தவர் இப்படி நிற்க மாட்டார் என்று கலியமூர்த்திக்கு அப்போதே பட்டது.

மச்சான் விஷயமாக அவர் விழுப்புரம் போயிருந்தாராம். வெளிநாட்டில் இறந்துபோய், வாரிசு வராமல் பணம் தங்கிவிட்டவர்களின் பெயர்களை அங்கே நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்களாம். அதில் கலியமூர்த்தி, தகப்பன் பெயர் ராஜாங்கம், ஊர் இந்த ஊர்.

"நீ இங்க நிக்கிற. அப்ப அது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்பா" என்று சொல்லிவிட்டு, சாவுச் சேதிக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியை வாய்க்குள் முணுமுணுத்தார் லியாகத் அலி.

கலியமூர்த்திக்குத் தெரிந்தது. சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவன் தம்பி சகாதேவன் போய்விட்டான்.

விஷயம் இதுதான். சகாதேவனுக்குப் படிப்பு ஏழாவதோடு நின்றது. சவுதிக்குப் போக அவனுக்கு ஆசை. பத்தாவது பாஸ் என்றால் ஏர்போர்ட்டில் அதிகம் நோண்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் ஆயிரம் கேள்வி என்று மெட்ராஸ் ஏஜென்ட் சொன்னான். வீட்டில் பத்தாவது பாஸ் பண்ணிய ஒரே ஆள் கலியமூர்த்தி. அண்ணனின் சர்டிபிகேட், அண்ணனின் ரேஷன் கார்டு, தம்பியின் போட்டோ. இப்படிப் போனவர்கள் அந்தக் கரையில் அவன் ஒருவன் மட்டுமில்லை. யாரும் அதைப் பெரிய தப்பாக நினைத்ததுமில்லை. அண்ணன் உப்பளத்தை விட்டு எங்கும் போகிற ஆளில்லை, பேர் சும்மாதானே இருக்கிறது, தம்பி எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டார்கள்.

மூன்று வருஷம் மாசம் தவறாமல் பணம் வந்தது. லியாகத் அலி பூத்துக்குப் போன் வரும். சகாதேவன் பெண்டாட்டி மலர்கொடி மகள் அருள்மொழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். 2004 தீபாவளிக்கு வந்ததுதான் கடைசிப் போன். அடுத்த மாதமே கடல் ஊருக்குள் வந்தது. உலகம் பூராவும் டிவியில் பார்த்த விஷயம், சவுதியில், தம்மாமில் இருப்பவனுக்கா தெரியாது? பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு போன் கிடையாது. அங்கே வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டான் என்று ஊர் பேசியது. கலியமூர்த்தியும் சும்மா இருக்கவில்லை. அந்த நன்றி கெட்டவனைத் தலைமுழுகிவிட்டேன் என்று மலர்கொடி காதுபடவே சொல்லியிருந்தான். அவன் சொன்ன நேரத்தில் தம்பி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாளே லியாகத் அலியோடு பஸ் ஏறினான். கலெக்டர் ஆபீசில் அந்த செக்ஷனைப் பார்த்தது, கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத ஒரு அம்மாள். நீங்கள் யார் என்று கேட்டதும் கலியமூர்த்தி லியாகத் அலியைப் பார்த்தான். நான்தான் கலியமூர்த்தி என்றால் பாஸ்போர்ட் கேஸ், போலீஸ். தம்பி என்றான். பெயர் என்ன என்றார். சகாதேவன் என்றான். பக்கத்தில் லியாகத் அலி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள் பைல் கட்டைப் பிரித்து நிதானமாகச் சொன்னார். கம்பெனி கணக்குத் தீர்த்ததும் இன்சூரன்சும் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் எம்பசி வழியாக வந்திருக்கிறது. இறந்தவரின் மனைவி தாலுகா ஆபீசில் வாரிசு சர்டிபிகேட் வாங்கி வந்தால் செக் போட்டுவிடலாம். அப்புறம், கேட்காமலே, மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னார்.

"சாரம் சரிஞ்சு விழுந்திருக்காரு. பாடிய அனுப்பவா, அங்கயே அடக்கம் பண்ணவான்னு அப்பவே கேட்டு வந்துச்சு. உங்க ஊர்லேர்ந்து எவனோ பொறுப்பில்லாம, மேற்படி நபர் உயிரோட இருக்காரு, வெளிநாடே போனதில்லன்னு எழுதி அனுப்பிட்டான். ஆறு மாசம் ஆஸ்பத்திரி ஐஸ்ல கெடந்துது அந்தப் பொணம். அப்புறம் அவங்களே பொதச்சிட்டாங்க."

எவனோ இல்லை. கடல் வந்துபோன அடுத்த மாதம், சேதப் பட்டியல் கையுமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்த தலையாரி கண்ணாயிரம், தெருவில் வைத்து அவனைக் கேட்டிருந்தான்: ஏம்பா, நீ பாரின் எங்கனா போயிருக்கியா, பாஸ்போர்ட் எடுத்திருக்கியா? ஏன் கேட்கிறான் என்று கண்ணாயிரமும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. சர்டிபிகேட் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நடுங்கிப்போனான் கலியமூர்த்தி. உப்பளத்துக்கு வர வேண்டிய நிவாரணமும் போய்விடுமோ என்று வேறு பயம். நான் மரக்காணம் தாண்டினதே இல்லை என்று சொல்லி, நீட்டின தாளில் கையெழுத்தும் போட்டான். பிழைத்தோம் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில், மலர்கொடியிடம் உடனே சொல்லிவிடு என்றார் லியாகத் அலி. சொல்கிறேன் பாய் என்றான். சொல்லவில்லை. பெண்டாட்டி திரௌபதியிடம் சொன்னான், அதிலும் கையெழுத்துப் போட்டதை விழுங்கிவிட்டுச் சொன்னான். அடுத்து, இந்த மாதிரி விஷயத்துக்கு யாரிடம் போக வேண்டுமோ அவனிடமே போனான்.

கண்ணாயிரம் அசந்துவிடவில்லை. காகிதத்தில் செத்தவன் கலியமூர்த்தி, ஆகவே பெண்டாட்டி திரௌபதி. அவள் விதவையாக வந்து நின்றால் வாரிசு சர்டிபிகேட் பதினைந்து நாளில் கைக்கு வரும், முன்னால் எழுதினது வேறு கலியமூர்த்தி என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், மேலே கொஞ்சம் செலவாகும் என்றான். தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. விசாரணைக்கு வருகிற அன்று கலியமூர்த்தி உறவுக்காரன் வீட்டுக்குக் கிளியனூர் போய்விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், மலர்கொடிக்குச் சேதி தெரியக் கூடாது. அவள் ஒப்பாரி வைத்தால் செத்தது சகாதேவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும். செக் கைக்கு வரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

திரௌபதி கெட்டவள் இல்லை. ஓரகத்திக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு ரூபாயும் தனக்கு வேண்டாம் என்றாள்.

"அவ ஆயுசு பூரா பொட்டில்லாம நிக்கப்போறா. அவ புள்ளைக்காக நான் ஒரு நாள் நிக்க மாட்டனா?"

சொல்லிவிட்டு, தாலியை முந்தானைக்குள் தள்ளி, பொட்டை அழித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். பார்த்த வேகத்தில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

மனு போனது. மலர்கொடி தினமும் அவன் கண் முன்னால்தான் நடமாடினாள். அதே உப்பளத்தில் கூடை தூக்கினாள். சாயந்திரம் கைகால் கழுவி, பொட்டு வைத்து, முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டு, கடைத்தெருப் பக்கம் ஒரு நடை போய் பாய் பூத்தை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். லியாகத் அலி அவளைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார் என்று அவளே வந்து குறைப்பட்டாள். சாவு வீட்டுக்காரி ஒருத்தி, தான் சாவு வீட்டுக்காரி என்று தெரியாமலே தன் எதிரில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. பணத்துக்காகத்தானே, அவளுக்காகத்தானே என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். அது முழு உண்மை இல்லை என்று மனசுக்குத் தெரிந்தே இருந்தது. கண்ணாயிரம் சொன்னபடி முடிந்துவிட்டால், அந்தப் பழைய கையெழுத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

மாசி மகத்துக்கு முதல் நாள் மலர்கொடி வீட்டு வாசலுக்கு வந்தாள். பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போகிறாளாம், பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும்.

"அவரு நல்லபடியா வந்துட்டா படி பூரா மஞ்ச குங்குமம் வெக்கிறேன்னு வேண்டிக்கிறேன் மாமா. நீங்களும் அவரத் திட்டாதீங்க. இருக்கிற எடத்துல என்னா கஷ்டமோ."

சட்டைப் பையில் விட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. கலியமூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்து, வேண்டாம்மா, போகாதே என்றான். ஏன் என்றாள். சகாதேவன் இல்லைம்மா என்றான். அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. திரௌபதி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். கண்ணாயிரம் தெருமுனை வரை வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டான். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அவன் போட்ட வழி அங்கேயே அடைபட்டது.

கருமாதி முடிந்து, மலர்கொடியையும் கூட்டிக்கொண்டு மறுபடி விழுப்புரம் போனான். அன்றைக்குப் பேரைப் பொய்யாகச் சொன்னேன், கலியமூர்த்தி நான்தான், செத்தவன் சகாதேவன் என்று எழுந்து நின்று சொன்னான். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி எழுதினால் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகும், போலீசுக்குப் போகும், எம்பசிக்குப் போய்த் திரும்பும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, பணம் வரும் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றான். என்ன கேஸ் போட்டாலும் அதற்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்திருந்தான். அவன் தயாராகாதது ஒன்றுக்குத்தான்.

"இந்த ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்குதே. வெளிநாடே போனதில்லன்னு. இது நீங்க போட்டதுதானா?"

ஆமாம் என்றான்.

மலர்கொடி அவன் பக்கம் திரும்பினாள். "எது மாமா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண்ணாயிரம் கேட்டது, தான் பயந்தது, கையெழுத்துப் போட்டது. தம்பி செத்த சேதிக்காகக் கேட்கிறார்கள் என்று சத்தியமாகத் தெரியாது என்றான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் அந்த அம்மாளிடம் எப்போது புதைத்தார்கள் என்று கேட்டாள். ஆனி மாத வாக்கில் என்றார் அவர்.

"அதுவரைக்கும் எதுக்கும்மா வெச்சிருந்தாங்க?"

"வீட்டுலேர்ந்து யாராச்சும் கேப்பாங்கன்னுதாம்மா."

மலர்கொடி அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்துக் கலியமூர்த்தி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவள் ஏசவில்லை. கணக்குப் போடுகிறவள் போல் விரல்களை மடக்கினாள்.

"அப்ப கேட்டன்னிக்கு தம்பி போயிருக்கான்னு சொல்லியிருந்தா, அவரக் கொண்டாந்திருக்கலாம். நானும் புள்ளையும் மூஞ்சியப் பாத்திருப்போம். இல்ல மாமா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு ஆசையாக இருந்தது. பெட்டி வர எத்தனையோ தடங்கல் உண்டு, அந்த நேரம் ஊரே அலங்கோலமாக இருந்தது, யார் போய் வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது.

"ஆமாம்மா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனுக்கு முதுகு தெரிய உட்கார்ந்து, தன் புருஷன் பேரையும் ஊரையும் அந்த அம்மாளுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.