புகையில்லாத சுடர்

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் இன்று என் முதல் அளவெடுப்பு. நான் சொல்லும் அளவை எல்லோரும் நம்பினால் அடுத்த மேடைக்கும் அனுப்புவார்கள். சொதப்பினால் மறுபடி அலுவலக நாற்காலிதான்.

எண்ணெயோடு வரும் எரிவாயுவில் மிஞ்சுவதை ஒரு நீளக் குழாயின் நுனியில் எரித்துவிடுவார்கள். எரிந்தால் கரியமில வாயு. எரியாமல் நழுவினால் மீத்தேன். அது பூமியை இன்னும் பல மடங்கு சூடாக்கும். எவ்வளவு நழுவுகிறது என்று, கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் காட்டும் கேமராவை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சுடரைக் கவனிப்பவர் என் அக்கா கணவர். "ஒரு இழை புகை தெரியுதா பாரு. காத்து ஊதுற ப்ளோயரை முழு வேகத்துல விட்டிருக்கேன்ல," என்றார்.

புகை இல்லைதான். ஆனால் நூற்றுக்கு இருபது பங்கு வாயு எரியாமல் போகிறது என்றது திரை. என்மேல்தான் முதல் சந்தேகம். லென்ஸைத் துடைத்தேன், இடம் மாறி நின்றேன், கருவியைச் சரிபார்த்தேன். அதே இருபது.

"அத்தான், காத்து அதிகமாகி சுடர் குளிர்ந்துடுதோ? கொஞ்சம் குறைச்சுப் பாக்கலாமா?"

"புகை வரும். மேலாளர் ஜன்னல்ல உக்காந்து டீ குடிக்கிறாரு. மச்சினி வந்து மானத்தை வாங்கிட்டான்னு உங்க அக்காகிட்ட சொல்லவா?"

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"அவகிட்ட பேசி ஜெயிச்ச ஆளை நான் இன்னும் பாக்கல." முணுமுணுத்தபடியே குறைத்தார்.

சுடர் மஞ்சளாகத் தடித்தது. மெல்லிய சாம்பல் கோடு ஒன்று எழுந்தது. திரையில் இரண்டு.

மேலாளர் கோப்பையோடு வந்துவிட்டார். "என்னப்பா, புகையுது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் திரையை மேலாளர் பக்கம் திருப்பினேன்.

"காத்தைக் குறைச்சதும் எரியாம போற வாயு இருபதுலேர்ந்து ரெண்டாயிடுச்சு. நான் தப்பா இருக்கலாம் சார். அதனால நீங்களே கூட்டிக் குறைச்சுப் பாருங்க."

கூட்டினார். வானம் சுத்தமானது, எண் எகிறியது. குறைத்தார். புகை வந்தது, எண் இறங்கியது. யாரும் சொல்லாமலே மறுபடி ஒருமுறை செய்து பார்த்தார். டீயை மறந்தே போனார்.

"புகை இல்லன்னு இவருக்கு நானே பாராட்டிக் கை கொடுத்தேனே," என்றார் மெதுவாக. "பக்கத்து மேடையிலயும் இப்படித்தான் ஊதறாங்க. ஹெலிகாப்டர்ல இடம் இருக்கு. பெட்டியைக் கட்டுங்க."

நான் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தேன், பிறகு சந்தேகம் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

அத்தான் குனிந்து சொன்னார்: "அங்க இருக்கிறவன் என்னை மாதிரி சாது இல்ல. முதல்ல சுடர் அழகா இருக்குன்னு சொல்லு. அப்புறமா ப்ளோயர் பேச்சை எடு."