கையெழுத்திட்டுப் பெற்ற தூக்கம்

நான்காம் வார்டு நர்ஸின் தூக்கம் ஐயாயிரத்து அறுபத்து நான்கு மணி நேரம் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. மடித்த போர்வை அளவு இருக்கும், தொட்டால் இளஞ்சூடு. அது அங்கே போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஷிஃப்ட் மாறும்போது வார்டுப் பொருட்களை எண்ணி நோட்டில் எழுதி, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வந்ததில் கண் செருகிப்போய், ஒரு மதியம் இரண்டு மணிக்கு அவள் தெர்மாமீட்டர் நான்கு, கத்திரிக்கோல் இரண்டு என்று எழுதி, அதன் கீழே தூக்கம் ஒன்று என்றும் எழுதிவிட்டாள். அடுத்து வந்தவள், எல்லோரையும் போல, படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அது வார்டுப் பொருள்.

நோயாளிகளுக்கு நல்லதாயிற்று. மாத்திரை இல்லாமலே குறட்டை விட்டார்கள். அவளுக்கு ரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தொட்டது, மாதவிலக்கு தள்ளிப்போனது, நெஞ்செரிச்சல், போகாத விருந்தாளியைப் போல, தங்கிவிட்டது. வீட்டில் திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக் கிடப்பாள். கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். மகள் மட்டும் கிட்டே வந்து உற்றுப் பார்ப்பாள்.

"அம்மா, நடிக்கிறே. இமை ஆடுது."

"போடி, தூங்கிட்டுதான் இருக்கேன்."

"தூங்கறவங்க பதில் சொல்வாங்களா?"

ஒருமுறை வார்டுப் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டரிடம் ஜாடையாகக் கேட்டாள். "கீழ்த்தட்டுல இருக்கிறதை யாராவது எடுத்துக்கலாமா மேடம்?"

"யாரோடதோ அவங்க வந்து, என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் வாய்விட்டுச் சொல்லணும். சும்மா தூக்கிக் குடுக்க அது என்ன எங்க வீட்டு டம்ளரா?"

சொல்ல முடியாது. தூங்காத நர்ஸின் கையில் மருந்துச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். பதினாறு வருடத்து வேலை அந்தச் சாவியில்தான் தொங்கியது. மழை போய் வெயில் வந்தது.

ஒரு முற்பகல் ஆறாம் படுக்கை லாரி டிரைவருக்கு நான்கு யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே ஊசியைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு டேங்க் ஃபுல்லா இருக்கு?"

பார்த்தாள். நாற்பது.

அதைக் கொட்டிவிட்டு, வேறு ஊசியில் நான்கை அளந்து போட்டாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இரண்டு மணிக்கு மதிய நர்ஸ் வந்தாள். பெரிய சிஸ்டர் மேசையருகே நின்றார். இவள் நோட்டை வாசித்தாள். தெர்மாமீட்டர் நான்கு. கத்திரிக்கோல் இரண்டு. அடுத்த வரியில் நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்தாள்.

"அது என்னோடது. இருநூத்திப் பதினோரு நாளா நான் தூங்கல."

பெரிய சிஸ்டர் கீழ்த்தட்டைத் திறந்து தூக்கத்தை எடுத்து நீட்டினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த வரியை அடித்து, உரியவரிடம் கொடுக்கப்பட்டது என்று எழுதினார். மதிய நர்ஸ் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.