லைட்டு எரியுது

ஒரு கை. வெயிலில் ஒரு கை. விரல்கள் ஐந்தும் குவிகின்றன, விரிகின்றன, மறுபடி குவிகின்றன.

எதிரே வரும் யாரோ ஒருவருடைய கை. பேர் தெரியாது, ஊர் தெரியாது. பட்டப்பகலில் உன் வண்டியில் லைட்டு எரியுது என்று சொல்லிவிட்டுப் போகிறது. இப்போது வரும் வண்டிகளில் விளக்கை அணைக்கச் சுவிட்சே கிடையாது. ஆனாலும் நம் ஆட்கள் விடுவதாயில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் கையை அதிகம் வாங்கியவர் ஹவில்தார் குருவையாதான். பட்டாளத்திலிருந்து திரும்பிய காலம் தொட்டு, கூடலூர் சாலையில் அவருடைய பழைய புல்லட் ஓடியது. பகலிலும் விளக்கெரிய ஓடியது. எத்தனை பேர் விரித்துக் காட்டினாலும் அணைத்ததில்லை.

பதிலுக்கு ஒரு சல்யூட். அவ்வளவுதான்.

நஜீமாவும் காட்டியிருக்கிறாள். கம்பத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். சாலையில் யார் தப்புச் செய்தாலும் அவள் கை சும்மா இருக்காது. பார்க்கும்போதெல்லாம் காட்டினாள், பார்க்கும்போதெல்லாம் சல்யூட் வாங்கினாள். மிலிட்டரிக்காரருக்கு மண்டைக்கனம் என்று முடிவுகட்டி வைத்திருந்தாள்.

இன்று அவர் தேனி ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறார்.

வெளியே சாரல். ஆனி மாதத்துச் சாரல். மழையும் வெயிலும் ஒரே நேரத்தில் விழுகின்றன, மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கி வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

சாரலுக்குள் மோட்டார் சைக்கிள்கள் வருகின்றன. ஒன்று. இன்னொன்று. அப்புறம் ஒரு கூட்டமே வருகிறது. ஆண்டிபட்டியிலிருந்து ஒரு பல் டாக்டர், போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி, கல்யாண வீட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்த ஒருத்தர் பட்டு வேட்டியோடு. முன்னாள் ராணுவத்தார் யார் இறந்தாலும் வீடு வரைக்கும் துணைக்குப் போகிற கூட்டம் இது. காசு கிடையாது, கட்டாயம் கிடையாது. இறந்தவரைத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

நஜீமா அந்தக் கூட்டத்தின் தலைவி. இன்று அவள் தன் வண்டியில் வரவில்லை. குருவையாவின் வண்டியில் வந்திருந்தாள்.

நேற்று மாலை கூடலூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் மனைவி ஒச்சம்மாள் அழுது முடித்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு புல்லட்டும்தான் அங்கே குடியிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தம்மா சொன்னார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் குருவையாவுக்கு மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகிற வேலை. எல்லையில் இரவுப் பயணம், விளக்குப் போடக் கூடாது என்று உத்தரவு. ஓர் இரவு இரண்டு பேராகப் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது அவர் ஒருவர்தான் இருந்தார். பின்னால் வந்த கூட்டாளி எங்கே விழுந்தான் என்று இருட்டில் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் வண்டி இருட்டாக ஓடியதில்லை. பகலாவது, ராத்திரியாவது. வீட்டு வாசலில் வந்து நின்றாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஒச்சம்மாள் வெளியே வந்து, ஊரெல்லாம் காட்டுகிற மாதிரியே விரலை விரித்துக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அணைப்பார். தினமும் அதே கூத்துதான் என்று சொல்லும்போது அந்தம்மா சிரித்தேவிட்டார்.

நஜீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை தடவை கை காட்டியிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மேளம், வேட்டு எதுவும் வேணாம் தாயி," என்றார் ஒச்சம்மாள். "அவுக வண்டி முன்னால வரட்டும். லைட்டு அணையாமக் கூட்டியாந்துரு."

லைட்டு அணையாமல். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். இன்று காலை கூடலூரிலிருந்து வண்டியைத் தேனிக்கு ஓட்டி வரும்போதுதான் மாட்டிக்கொண்டோம் என்பது தெரிந்தது.

பேட்டரி செத்துக் கிடந்தது. அந்தக் காலத்து ஆறு வோல்ட் பேட்டரி, எந்தக் கடையிலும் இல்லை. எஞ்சின் ஓடுகிற வேகத்தில்தான் விளக்குக்கு உயிர். வேகமாகப் போனால் பளீரென்று எரிகிறது. மெதுவாகப் போனால் மஞ்சளாகிச் சிவந்து அணையப் பார்க்கிறது.

சாவு ஊர்வலமோ மெதுவாகப் போக வேண்டியது. கூட்டத்தில் எல்லா ஏற்பாடும் பார்க்கிற லிங்கராஜ் அப்படித்தான் திட்டம் போட்டு வைத்திருந்தான். இரண்டிரண்டு வண்டியாக, மாட்டு வண்டி வேகத்தில், அமரர் ஊர்திக்கு முன்னும் பின்னும். மரியாதை என்றால் மெதுவாகத்தான் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். முதல் கியரிலேயே முறுக்கிக்கொண்டு வரலாமே என்றும் கேட்டுப் பார்த்தான். கிழட்டு எஞ்சின், பாதி வழியில் சூடேறி நின்றுவிடும் என்றாள் நஜீமா.

"லிங்கு, அவரு செய்தி கொண்டுபோன ஆளு. மெதுவாப் போனவரா அவரு?"

லிங்கராஜ் ஊர்தியைப் பார்த்தான். புல்லட்டைப் பார்த்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

புறப்பட்டார்கள்.

நஜீமா உதைத்தாள். புல்லட் ஒரு தரம் இருமியது, இரண்டாம் உதைக்கு எழுந்துகொண்டது. டப் டப் டப் டப். விளக்கு கண் விழித்தது. பின்னால் ஊர்தி, அதன் பின்னால் நாற்பது விளக்குகள், நனைந்த தார்ச்சாலை முழுக்க வெளிச்சம்.

வீரபாண்டி தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. வயல் ஓடியது, வாய்க்கால் ஓடியது, திராட்சைப் பந்தல்கள் ஓடின. சாரல் ஊசி ஊசியாகக் குத்தியது. முறுக்க முறுக்க விளக்கு வெளுத்தது, சாலையின் ஈரத்தில் நீண்டு விழுந்தது.

சாவு வண்டிக்கு முன்னால் போகிறவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா? வந்தது. நெஞ்சுக்குள் குதித்தது. ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே முறுக்கினாள்.

எதிரே ஒரு லாரி. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. குவிந்தது, விரிந்தது. லைட்டு எரியுது.

நஜீமா சல்யூட் அடித்தாள்.

சின்னமனூரில் எல்லாம் நின்றது. சந்தை நாள். தக்காளிக் கூடைகள், ஆடுகள், குறுக்கே திரும்ப முடியாமல் திணறும் ஒரு பேருந்து. வேகம் செத்தது. விளக்கு மஞ்சளானது. மஞ்சள் சிவப்பானது. கண்ணாடிக்குள் ஒரு பீடி நெருப்பளவு மிச்சம் இருந்தது.

முறுக்கினாள். எஞ்சின் கொதித்துத் தொடையைச் சுட்டது. அணையக் கூடாது, அணையக் கூடாது. அந்தம்மாவிடம் போய் என்ன முகத்தோடு நிற்பது?

முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் புல்லட்டைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கையை உயர்த்தி விரலை விரித்தார். விரித்த விரல்கள் அப்படியே நின்றன. வண்டியில் குருவையா இல்லை. பின்னால் மாலை போட்ட ஊர்தி நின்றது.

"மிலிட்டரி அய்யாவா?" என்று கேட்டார். நஜீமா தலையசைத்தாள்.

அவர் விசிலை வாயில் வைத்தார். அப்படியொரு விசில் சின்னமனூர் கேட்டிருக்காது. பேருந்து பின்வாங்கியது, ஆடுகள் ஒதுங்கின, தக்காளிக்காரப் பெண் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வழி பிறந்தது. நஜீமா பாய்ந்தாள். விளக்கு பளீரென்று திரும்பி வந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். காவலரின் கை இன்னும் உயரத்தில் இருந்தது. குவிந்தது, விரிந்தது, குவிந்தது. இந்தத் தடவை அது பழக்க தோஷம் இல்லை.

அதற்கப்புறம் செய்தி வண்டியை முந்திக்கொண்டு ஓடியது. யார் யாருக்குப் போன் செய்தார்களோ. உத்தமபாளையத்தில் டீக்கடை வாசல் முழுக்கக் கைகள். பள்ளிக்கூட மதிலுக்கு மேல் கைகள். கம்பத்தில் பேருந்து ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு கை. திராட்சைத் தோட்டத்துப் பெண்கள் கத்தரிக்கோலை மடியில் செருகிவிட்டு, ஈரக் கைகளை உயர்த்திக் காட்டினார்கள்.

எல்லாம் குவிந்தன. எல்லாம் விரிந்தன. லைட்டு எரியுது, லைட்டு எரியுது, லைட்டு எரியுது.

எத்தனை வருஷமாக அணைக்கச் சொன்ன கைகள். இன்று அணையாமல் போ என்றன. நஜீமா ஒவ்வொன்றுக்கும் சல்யூட் அடித்தாள். பின்னால் லிங்கராஜ் அடித்தான், பல் டாக்டர் அடித்தார், பட்டு வேட்டி அடித்தார்.

கூடலூர் வந்தபோது மழை விட்டிருந்தது. மலைக்கு மேல் வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் திரும்பினார்கள். வேகம் போய்விட்டது. வாசலில் நியூட்ரலில் போட்டு, நஜீமா முறுக்கியபடியே நின்றாள். மணிக்கட்டு வலித்தது. எஞ்சின் திக்கியது. விளக்கு நடுங்கியது.

ஊர்தியின் கதவு திறந்தது. அவரை இறக்கினார்கள். தெரு ஒப்பாரிக்கு மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருந்தது.

ஒச்சம்மாள் வெளியே வந்தார். இறக்கிய புருஷனைப் பார்க்கவில்லை. முதலில் வண்டியைப் பார்த்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்துட்டீகளா," என்றார்.

பிறகு கையை உயர்த்தினார். ஒரு கை. வெயிலில் ஒரு கை. விரல்கள் ஐந்தும் குவிந்தன, விரிந்தன, மறுபடி குவிந்தன.

நஜீமா சல்யூட் அடித்தாள்.

சாவியைத் திருப்பினாள்.