வாசலுக்கு வந்த குரல்

ஜாஹிதாவின் கணவன் நாசர் துபாய் வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடிக்கே வந்துவிட்டான். துபாயில் இருந்த காலத்தில் தினமும் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் போன் செய்வான். அவள் சோற்றுக்கு ஆணம் காய்ச்சியபடியே கோபம், ஏக்கம், மாமியார் மேல் உள்ள குறை என்று எல்லாவற்றையும் கொட்டுவாள். இப்போது அவன் எதிரே உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சே வருவதில்லை. சோற்றை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒரு நாள் கறி வாங்கப் போனவன் கடையிலிருந்து போன் செய்தான்.

"எலும்பு போட்டு வாங்கவா?"

"போன தடவ மாதிரி வெறும் கொழுப்பா வாங்கிட்டு வந்தீகன்னா நீங்கதான் திங்கணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பேச்சு வளர்ந்தது.

"பழைய முதலாளி திரும்பக் கூப்பிடுறாரு ஜாஹி. போகவா?"

"காலை ஒடிச்சுருவேன். இனிமே நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது."

பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான். கறிப் பையோடு அடுப்படியில் வந்து நின்றான்.

"இப்ப சொன்னியே, அத என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லு."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். சொல்லத்தான் நினைத்தாள். வேர்த்திருந்த அந்த முகம் யாரோ ஒருவருடையது போல இருந்தது.

"கறியக் கழுவணும்" என்றாள்.

 நாசர் முற்றத்துக்குப் போய்ப் போனை எடுத்தான்.

"முதலாளி, நான் வந்துர்றேன்" என்பது அவள் காதில் தெளிவாக விழுந்தது.